கத்தரியைக் காத்தவர், வெற்றிலைக் கொடிக்காலைக் கைவிட்டவர்

நம் பயிற்சி முகாம்களுக்கு இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். படித்தவர்கள், வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "நம்ம சந்தையில பி.டி. கத்தரிக்காய் ஏன் இல்ல?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "அது இன்னும் நம்ம நாட்டுக்கு வரலைங்க" என்பார்கள். வராமல் இல்லை தம்பி, வாசப்படி வரைக்கும் வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி அனுப்பிய கதையில் உழவர்கள் இருக்கிறார்கள், நம்மாழ்வார் ஐயா போன்றவர்கள் இருக்கிறார்கள், சில விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். கூடவே ஒரு காங்கிரஸ் அமைச்சரும் இருக்கிறார். ஜெய்ராம் ரமேஷ்.

அரசியல்வாதியைப் பற்றி நம் இதழில் இத்தனை பக்கம் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பாராட்டு மடல் எழுத வரவில்லை. அவர் செய்த நல்லதும் கெட்டதும் இரண்டுமே உழவர் நிலத்தில் நடந்தவை. கணக்குப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1954-ல் கர்நாடகத்தின் சிக்மகளூரில் பிறந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல், பிறகு அமெரிக்காவில் மேற்படிப்பு. 1991-ல் நரசிம்மராவ் அரசு சந்தையைத் திறந்துவிட்டபோது அந்த வேலையில் கூட இருந்தவர்களில் ஒருவர். ஆக, பஞ்சகவ்யமும் நாட்டு மாடும் பேசி வளர்ந்த ஆள் இல்லை. 2004-லிருந்து இன்று வரை மாநிலங்களவை உறுப்பினர். முதலில் ஆந்திரத்திலிருந்து, பிறகு கர்நாடகத்திலிருந்து. மக்களிடம் நேரடியாக ஓட்டுக் கேட்டு மக்களவைக்குப் போனவர் அல்ல. 2009 மே மாதம் சுற்றுச்சூழல், வனத்துறைக்குத் தனிப்பொறுப்பு இணையமைச்சர் ஆனார். அந்தத் துறையை அதுவரை யார் பார்த்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பெயர் வராது. கோப்பு வரும், முத்திரை விழும், போய்விடும். அப்படி ஒரு துறை.

அதே ஆண்டு அக்டோபர் 14. மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பி.டி. கத்தரியை வணிக ரீதியாகப் பயிரிடலாம் என்று சொல்லிவிட்டது. குழுவின் பெயரைக் கவனியுங்க. ஒப்புதல் குழு! பேரிலேயே முடிவை எழுதி வைத்திருந்தார்கள். (பின்னால் அதை 'மதிப்பீட்டுக் குழு' என்று மாற்றியதும் இவர்தான்.)

பி.டி. கத்தரி என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தரி போட்ட எல்லோருக்கும் தண்டுத் துளைப்பான், காய்த் துளைப்பான் தெரியும். நுனிக் குருத்து வாடித் தொங்கும், காயை அறுத்தால் உள்ளே புழு. ரசாயன விவசாயிகள் வாரம் இரண்டு முறை மருந்தடிப்பதே இந்தப் புழுவுக்காகத்தான். மண்ணில் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துக் கத்தரிக்குள் வைத்துவிட்டால், செடியே நஞ்சு சுரக்கும், கடித்த புழு செத்துப்போகும். மஹிகோ கம்பெனி செய்தது, மான்சாண்டோவின் தொழில்நுட்பம். நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் இந்தக் கூட்டில் இருந்தது. கோ 2, எம்.டி.யு 1, கே.கே.எம் 1, பி.எல்.ஆர் 1 என்று நம் ஊர் மண்ணில் பழகிய ரகங்களிலேயே அந்த மரபணுவை ஏற்றும் வேலை நடந்தது. பாலூர்க் கத்தரி, கிள்ளிகுளம் கத்தரி எல்லாம் பட்டியலில். பருத்தியில் வந்தபோது "அது துணிதானே" என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. கத்தரி அப்படியில்லை, சாம்பாரில் போடுவது.

குழு சொன்னதும் அமைச்சர் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். சட்டப்படி அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர் என்ன செய்தார்? குழுவின் அறிக்கையைப் பொதுவில் வைத்தார். கருத்து எழுதி அனுப்புங்கள் என்றார். 2010 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி 6 வரை ஏழு ஊர்களில் பொதுக் கூட்டம் போட்டார்: கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நம்மாட்கள் பேச வேண்டுமென்றால் பெங்களூருக்குத்தான் வண்டி ஏற வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. எல்லாம் சேர்த்துச் சுமார் 8,000 பேர் வந்தார்கள். உழவர், விஞ்ஞானி, கம்பெனிக்காரர், நுகர்வோர், மருத்துவர். கூச்சல், தள்ளுமுள்ளு, கத்தரி மாலை எல்லாம் நடந்தது. சில இடத்தில் அமைச்சரும் பொறுமை இழந்து குரலை உயர்த்தினார். ஆனாலும் உட்கார்ந்து கேட்டார். இந்தியாவில் ஒரு விதையைப் பற்றி மந்திரி ஒருவர் ஊர் ஊராகப் போய் விவசாயியிடம் கேட்டது அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்து இல்லை.

பிப்ரவரி 9 அன்று முடிவு. பி.டி. கத்தரிக்குத் தடை, அதாவது கால வரையறை சொல்லாத நிறுத்திவைப்பு. சும்மா "நிறுத்தினேன்" என்று ஒரு வரி எழுதவில்லை. காரணங்களை வரிசையாக எழுதி, வந்த கடிதங்களையும் இணைத்து 500 பக்கத்துக்கு மேல் வெளியிட்டார். விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பதில் எழுதிய மாநிலங்கள் எல்லாம் தயக்கம் தெரிவித்திருக்கின்றன. கம்பெனியே செய்துகொடுத்த சோதனைகளை மட்டும் நம்ப முடியாது, தனித்த சோதனை வேண்டும். கத்தரிக்கு இந்தியா தாய் மண், அந்த வளம் கலந்து போனால் திரும்ப வராது. இத்தனைக்கும் அவசரம் என்ன?

இவற்றில் நமக்கு முக்கியமான ஒரு பத்தி இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆந்திரத்தில் பூச்சிக்கொல்லி இல்லாச் சாகுபடி லட்சக்கணக்கான ஏக்கரில் நடப்பதை எடுத்துச் சொல்லி, பி.டி. மருந்தைக் குறைக்கத்தான் செய்யும், இந்த முறையோ மருந்தை முழுக்கவே ஒழித்துவிடுகிறது என்று எழுதினார். அரசாங்கத் தாளில், ஒரு மத்திய அமைச்சர் கையெழுத்தில், நாம் இத்தனை வருஷமாகக் களத்துமேட்டில் சொல்லிக்கொண்டிருந்த வாதம்! வேப்பம் பிண்ணாக்கு, ஐந்திலைக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, வாடிய நுனியைக் கிள்ளி அழிப்பது, இவ்வளவுதான் நாம் செய்வது. நம் வேலை அறிவியல் இல்லை என்று ஏளனம் செய்தவர்களுக்கு அந்தப் பத்தியைக் காட்டினால் போதும்.

சக அமைச்சர்களே அவரைத் தாக்கினார்கள். வேளாண் அமைச்சராக இருந்த சரத் பவாருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ரமேஷ் மரபணு மாற்றத்துக்கே எதிரி அல்ல. பி.டி. பருத்தியை அவர் குறை சொன்னதில்லை, அரசு ஆய்வு நிலையங்கள் அந்த ஆராய்ச்சியைச் செய்ய வேண்டும் என்பதே அவர் நிலை. நம்ம கட்சி ஆள் என்று நினைத்துக்கொண்டவர்கள் பிறகு ஏமாந்தார்கள்.

அதே பிப்ரவரியில் நம் நீலகிரிக்கு வந்தார். கோத்தகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்போம் என்று கூடியவர்கள் முன்னால் பேசிவிட்டுப் போனவர், மார்ச்சில் மாதவ் காட்கில் தலைமையில் வல்லுநர் குழுவை அமைத்தார். காட்கில் அறிக்கை என்றால் கல்குவாரி, ரிசார்ட் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். உழவர்கள் படிக்க வேண்டிய பகுதி வேறு. மலைப் பகுதியில் மரபணு மாற்றுப் பயிர் கூடாது, ரசாயனப் பூச்சிக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்தி இயற்கை முறைக்கு மாற உதவி செய்ய வேண்டும் என்று காலக்கெடுவோடு எழுதியிருந்தார்கள். அந்த அறிக்கை 2011 ஆகஸ்டில் தயாரானபோது ரமேஷ் அந்தத் துறையில் இல்லை. பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் போராடித்தான் 2012-ல் வெளியே வந்தது. பூட்டி வைத்தபோது அமைச்சர் நம் தமிழ்நாட்டுக்காரர், ஜெயந்தி நடராஜன். (அவர் மரபணு மாற்றுப் பயிர்களின் வயல் சோதனைக்கு இடம் கொடுக்காமல் நின்றதையும் மறக்கக் கூடாது. அவருக்குப் பின் வந்த வீரப்ப மொய்லி சில வாரங்களிலேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டார்.)

2010 ஆகஸ்ட் 24, நியம்கிரி. ஒடிசாவில் டோங்ரியா கோந்த் மக்கள் தெய்வமாகக் கும்பிடும் மலை. அதில் பாக்சைட் தோண்ட வேதாந்தா கம்பெனி கேட்டது. வன உரிமைச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று சக்சேனா குழு சொன்னதும் ரமேஷ் அனுமதியை மறுத்தார். விஷயம் உச்ச நீதிமன்றம் போய், 2013-ல் 12 கிராம சபைகளைக் கேட்கச் சொன்னார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. வேதாந்தா யார் என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிராம சபைக்கு அங்கே கிடைத்த மரியாதையில் கால்வாசி இங்கே கிடைத்திருந்தால் 2018 மே 22 வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை படித்தவர்கள் நல்ல மனுஷன்தானே என்று நினைக்கலாம். இனிமேல்தான் நமக்கு உறைக்கும் பகுதி.

அதே ஒடிசா, ஜகத்சிங்பூர் மாவட்டம், கடலோரம். டிங்கியா, கோபிந்தபூர், நுவாகாவ். மணல் நிலத்தில் பந்தல் போட்டு வெற்றிலை வளர்க்கும் ஊர்கள். கொடிக்கால் வைத்திருக்கும் நம் கரூர், தஞ்சாவூர், சோழவந்தான் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், வெற்றிலை என்பது சின்ன இடத்தில் குடும்பமே உழைத்து வருஷம் முழுக்கக் கையில் காசு பார்க்கும் பயிர். அங்கே போஸ்கோ என்ற கொரிய எஃகு கம்பெனி 52,000 கோடி ரூபாயில் ஆலை வைக்க வந்தது. ஏறத்தாழ 4,000 ஏக்கர், அதில் பெரும்பகுதி காகிதத்தில் வன நிலம். வன உரிமைச் சட்டப்படி கிராம சபை ஒப்புதல் வேண்டும். ரமேஷ் அமைத்த நால்வர் குழுவில் மூன்று பேர் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்றார்கள். ஊர்ச் சபைகள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு அனுப்பின.

என்ன செய்தார் தெரியுமா? 2011 ஜனவரி 31-ல் நிபந்தனைகளோடு சரி என்றார். மே 2-ல் இறுதி வன அனுமதியும் கொடுத்தார். ஊர்த் தீர்மானங்கள் முறைப்படி இல்லை என்று மாநில அரசு சொன்னது. மாநில அரசு சொல்வதை நம்பத்தான் வேண்டும், கூட்டாட்சி என்றால் அதுதான் என்று எழுதிவிட்டார். நியம்கிரியில் ஒடிசா அரசு சொன்னதை நம்பவில்லை. ஒன்பது மாதத்துக்குள் அதே ஒடிசா அரசு நம்பத் தகுந்ததாகிவிட்டதா? மலைவாசி கும்பிடும் மலைக்கு ஒரு நியாயம், வெற்றிலைக்காரன் பந்தலுக்கு வேறு நியாயமா? பி.டி. கத்தரிக்கு 500 பக்கம் எழுதத் தெரிந்தவர், டிங்கியாவுக்கு ஒரு நாள் போய்ச் சபையில் உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் கைதூக்குகிறார்கள் என்று கண்ணாலேயே பார்த்திருக்கலாம்.

அடுத்த ஆண்டே பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2017-ல் போஸ்கோ விலகிப் போய்விட்டது. அதற்குள் போலீஸ் வந்து பந்தல்களைப் பிய்த்துப் போட்டது வேறு கதை.

ஜைதாப்பூர் அணு உலைக்கு 2010 நவம்பரில் 35 நிபந்தனையோடு அனுமதி. அது அல்போன்சா மாம்பழமும் மீனும் நம்பி வாழும் கடற்கரை. நவி மும்பை விமான நிலையத்துக்கும் அதே மாதம். நிலக்கரிக்குத் தோண்டக் கூடாத காடுகள் என்று ஒரு வரைபடம் போட்டதும் இவர். 2011 ஜூனில் சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில், தன் துறைக் குழுவின் பேச்சை மீறி, சுரங்கத்துக்கு வழிவிட்டதும் இவர். இன்று அந்தக் காட்டில் மரம் விழும் செய்தி வரும்போதெல்லாம் முதல் கையெழுத்து யாருடையது என்று எனக்கு நினைவு வரும். மூன்று வாரத்தில், ஜூலை 12-ல், பதவி உயர்வு கொடுத்து ஊரக வளர்ச்சித் துறைக்கு அனுப்பினார்கள். பிடிக்காத தாசில்தாரைப் பிரமோஷன் கொடுத்து வேறு தாலுகாவுக்கு மாற்றுவது நமக்குப் புதுசா என்ன?

வாய் மட்டும் எங்கேயும் அடங்கவில்லை. போபாலில் பட்டமளிப்பு விழாவில் அந்த அங்கியைக் கழற்றி வைத்து, இது வெள்ளைக்காரன் விட்டுப்போன காட்டுமிராண்டிப் பழக்கம் என்றார். அழுக்குக்கு நோபல் பரிசு கொடுத்தால் நம் நாட்டு நகரங்களுக்குத்தான் என்றார். கோயிலைவிடக் கழிப்பறை முக்கியம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பெய்ஜிங்கில் போய் நம் உள்துறை அமைச்சகத்தையே குறை பேசியதற்குப் பிரதமர் மன்மோகன் சிங் கண்டித்தார். ஜம்பப் பேச்சு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, மனசில் இருப்பதை வாயால் சொல்கிற மந்திரியோடு சண்டையாவது போடலாம். சிரித்துக்கொண்டே மனுவை வாங்கி உதவியாளர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவரை என்ன செய்வது?

ஊரக வளர்ச்சித் துறையில் அவர் செய்த பெரிய வேலை, 1894-ன் வெள்ளைக்காரன் சட்டத்தைத் தூக்கிவிட்டு 2013-ல் நில எடுப்புக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. தனியார் திட்டம் என்றால் நிலக்காரர்களில் 80 சதம் பேர் சம்மதம், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம் என்றால் 70 சதம். சமூகத் தாக்க ஆய்வு கட்டாயம். நல்ல சட்டம், ஓட்டையும் அவரே வைத்தார். நெடுஞ்சாலை, ரயில்வே, நிலக்கரி, அணுசக்தி என 13 மத்தியச் சட்டங்களுக்கு விலக்கு. சேலம் எட்டுவழிச் சாலைக்குச் சம்மதம் கேட்காமல் கல் நட்டது அந்த ஓட்டை வழியாகத்தான். நம் மாநில அரசு தன் பங்குக்கு 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து மேலும் மூன்று மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் செல்லாது என்றதும், அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள்; அதை உச்ச நீதிமன்றமும் 2021-ல் ஏற்றுக்கொண்டது. பரந்தூரில் இன்று நிலம் எடுக்கும் தொழில் நோக்கச் சட்டம் அந்த மூன்றில் ஒன்று. இதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பேதமே பார்க்கவில்லை, இரண்டு கழகமும் அதே சட்டத்தைக் கையில் எடுத்தன.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. பி.டி. கத்தரிக்கு இன்றும் இருப்பது அந்த 2010 கையெழுத்து மட்டும்தான். சட்டம் எதுவும் வரவில்லை. பக்கத்து வங்கதேசத்தில் 2013-ல் அனுமதித்து அடுத்த ஜனவரியில் நாற்று கொடுத்துவிட்டார்கள். 2019-ல் ஹரியானாவின் பதேகாபாத்தில் களவாகப் பயிரிட்ட பி.டி. கத்தரி பிடிபட்டது. கடுகுக்கு 2022-ல் அனுமதி கொடுத்து, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி நிற்கிறது. எல்லோரையும் கலந்து தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றாக இருந்தார்கள்.

இவற்றைவிடப் பெரியது நெல். 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது: வெளி மரபணு நுழைக்காமல் உள்ளிருப்பதையே திருத்தும் பயிர்களுக்குப் பழைய சோதனை விதிகள் பொருந்தாது என்று. 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்தார். ஒன்று சம்பா மசூரியிலிருந்து செய்தது. கத்தரிக்கு ஏழு ஊரில் கூட்டம் நடந்தது. அரிசிக்கு ஒரு ஊரிலும் இல்லை. இந்தத் திருத்தும் கருவிக்கான காப்புரிமை வெளிநாட்டில் இருக்கிறது, விதை விலை என்ன ஆகும், நம் சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா வயலுக்குப் பக்கத்தில் இது வந்தால் இயற்கைச் சான்றிதழ் என்ன ஆகும் என்று கேட்க ஒரு இடம் இல்லை. கேட்டால் "இது மரபணு மாற்றம் இல்லைங்க, திருத்தம்" என்று சொல் விளக்கம் தருகிறார்கள்.

ரமேஷ் இன்று தன் கட்சியின் செய்தித் தொடர்புக்குப் பொறுப்பாளர். தினமும் அரசைத் திட்டி அறிக்கை விடுகிறார். 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தை அவர் தலைமை வகித்த நிலைக்குழுவுக்கு அனுப்பாமல் வேறு கூட்டுக் குழுவுக்கு அனுப்பியபோது நாடாளுமன்றத்தில் சத்தம் போட்டார். நியாயமான கோபம். அந்தக் கோபத்தை டிங்கியா மக்களும் ஒருமுறை பட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு நினைவிருக்குமோ என்னவோ.

அவர் மாதிரி இன்னொருவர் வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. அவர் 2010-ல் செய்த அந்த ஒரு முறையை மட்டும் சட்டமாகக் கேட்கிறேன்: எந்தப் புது விதைக்கும் முன்னால் அறிக்கையைத் தமிழில் வெளியிடு, மாவட்டத்துக்கு ஒரு கூட்டம் போடு, முடிவின் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடு. எங்கள் ஊர் கிராம சபைக்கு இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிக் கொடுக்கிறேன். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. உங்கள் ஊரிலும் எழுதிக் கொடுங்க. ஊராட்சிச் செயலர் "இது நம்ம அதிகாரத்துல வராதுங்க" என்று சொல்வார். வந்தவர்கள் கையெழுத்தை மட்டும் தீர்மானப் புத்தகத்தில் ஒன்று விடாமல் வாங்கி, ஒரு நகலை அன்றே கையில் வாங்கிக்கொள்ளுங்க. டிங்கியாவில் அந்தக் கையெழுத்துகளைக் காட்டித்தான் தீர்மானமே செல்லாது என்றார்கள்.